மூக்கில் ரத்தம் வந்தால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்

இந்தச் சித்திரையில் ஒரு நள்ளிரவு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை மூச்சுவிட முடியாத நிலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எடுத்து வந்த குழந்தை அவள். பத்து நாள்களுக்கு முன்னர் அவளுக்கு இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. ‘சில்லுமூக்கு உடைந்துவிட்டது, பம்பு அடிக்கிற சூடுதான் காரணம்’ என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, வீட்டில் மருந்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நெபுலைசரும் ஆக்சிஜனும் ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்த பின், விடியும் நேரத்தில்தான் அவளால் இடையில் மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிந்தது. மூக்கைப் பார்ப்பதற்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவராகிய என்னை அழைத்தார்கள். நகம் பட்டுக் கீறிய, மிளகளவு காய்ந்த புண் ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஒரே கோடையில் இப்படி வந்த மூன்றாவது குழந்தை அவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இன்ஹேலருக்குச் சூடு கிடையாது. வாய்வழியே உறிஞ்சும் மருந்து தொண்டையைக் கடந்து மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. ரத்தம் கசியும் மூக்கின் முன்பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அளவையும் எண்ணிப் பாருங்கள். தினசரி எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வெளிவருவது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம் மருந்து; 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் இருப்பது 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலருக்கு அஞ்சுகிற பல குடும்பங்கள், சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் அந்த மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் கொடுத்து வருவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமும் கோபமும் ஒருசேர வருகின்றன. இன்ஹேலரால் பெரும்பாலும் வரக்கூடிய தொல்லைகள் குரல் கம்மலும் வாய்ப்புண்ணும்தான். மருந்தை உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அவையும் குறைந்துவிடும்.

அப்படியானால் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மூக்கில் ஏன் ரத்தம் வருகிறது? அவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கிறது. தும்மலும் அரிப்பும் தாங்காமல் கையை வைத்துத் தேய்க்கிறார்கள், நோண்டுகிறார்கள், பலமாகச் சிந்துகிறார்கள். இரு துவாரங்களையும் பிரிக்கும் மூக்குத் தண்டின் முன்பகுதியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. பத்தில் ஒன்பது ரத்தக்கசிவுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ஒவ்வாமைக்காக மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேறு, வாயில் உறிஞ்சும் பம்பு வேறு. மூக்கு ஸ்ப்ரேயால் ரத்தம் கசிவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் அடிக்கும் விதத்தால் வருவது. வலது மூக்குக்கு வலது கையாலேயே அடித்தால், மருந்து நேராக நடுத்தண்டில் போய் மோதி அங்கே புண்ணாக்கும். தலையைச் சற்றே குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும், முனையை வெளிப்பக்கமாக, காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். அப்படியும் கசிந்தால் அந்த ஸ்ப்ரேயை மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இன்ஹேலரைத் தொடருங்கள், நிறுத்தாதீர்கள்.

ரத்தம் வரும்போது தலையை அண்ணாந்து பிடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வயிற்றைக் குமட்டும். ஏற்கெனவே இரைக்கிறவருக்கு அது மூச்சுப்பாதையில் புகுந்தால் இருமலும் இரைப்பும் கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை இரு விரல்களால் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடங்கள் பிடியுங்கள்; நின்றுவிட்டதா என்று நடுவில் விட்டுப் பார்க்காதீர்கள். வாயில் வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இரைப்பும் வந்துவிட்டால், மூக்கைப் பிடித்தபடியே மருத்துவர் சொல்லியுள்ள அளவில் நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாக வாயில் கொடுக்கலாம். வெங்காயத்தை முகரச் செய்வதில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். இரைப்பு உள்ள குழந்தைக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். காய்ந்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். நகங்களை வெட்டி விடுங்கள். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாள்களுக்கு மேல் நீட்டினால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சிரைப்போடு மூக்கில் சதை வளர்ச்சியும் இருப்பவர்களில் சிலருக்கு, ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கடும் இரைப்பை உண்டாக்கும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வையுங்கள். இதய நோய்க்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கான வேறு மாத்திரையையோ நீங்களாக நிறுத்தவும் கூடாது; கசிவு வந்தால் அவரிடமே சென்று சொல்லுங்கள்.

அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காத ரத்தம், தொண்டை வழியே பின்னால் இறங்கும் ரத்தம், ஈறிலோ தோலிலோ சேர்ந்து வரும் கசிவு ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்போடு வரும் கசிவையும், பொருக்குத்தட்டிய மூக்கோடு கை கால் மரத்துப்போவதையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இருமும்போது ரத்தம் வந்தால், அது மூக்கிலிருந்து இறங்கியதுதான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவைப்படலாம்.

வரும்போது வாயில் அடிப்பது, மூக்கில் அடிப்பது இரண்டையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டினால், எங்கே தவறுகிறது என்று அங்கேயே திருத்திவிடலாம்.