செகண்ட் ஹேண்ட் சூப்பர் கார்: வண்டிக்கு முன்னால் ஃபைலைப் பாருங்கள்

"சார், ஒரு லம்போர்கினி கல்லார்டோ வந்திருக்கு. கிலோமீட்டர் கம்மி, விலையும் நல்லா இருக்கு. எடுக்கலாமா?" இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு நீங்கள் இதை விற்கும்போது, வாங்க வருகிறவர் உங்களிடம் என்னென்ன கேட்பார்? அதற்கெல்லாம் காட்ட உங்கள் கையில் என்ன இருக்கும்?

கோவையில் இருந்துகொண்டு, பழைய கார்களை வாங்குமுன் பரிசோதித்துத் தருவது என் தொழில். ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே மாதிரியான வண்டிகள் பெரும்பாலும் பெங்களூரு, மும்பை, டெல்லியில்தான் விற்பனைக்கு நிற்கும். வாங்குகிறவர்களோ இப்போது திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எங்கிருந்தும் வருகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில், சின்ன வயதில் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த காரைத் தேடுகிறார்கள். அந்த ஆசை நியாயமானது. வண்டியின் பளபளப்பைப் பார்த்து அவர்கள் பணத்தை இழக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விலை ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். லம்போர்கினி ஹுராகான் 2014இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 3.43 கோடி ரூபாய். இப்படி முழுதாக இறக்குமதியாகும் காரின் விலையில் பாதிக்கு மேல் வரிதான். 40,000 டாலருக்கு மேற்பட்ட கார் என்றால் இறக்குமதித் தீர்வை மட்டுமே 110 சதவீத அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கும் மேல் லைஃப் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம். இத்தனையையும் கட்டுகிறவர் முதல் ஓனர். விற்கும்போது அதில் பெரும்பகுதி அவருக்குத் திரும்பி வராது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவரின் லாபமே அங்கேதான் இருக்கிறது.

ஆனால் வரி இறங்கினால் பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கும். 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்குமான கார்களுக்குத் தீர்வை படிப்படியாக 10 சதவீதமாகக் குறைகிறது. மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின், லோட்டஸ் எமிரா எல்லாம் அங்கே தயாராகிறவை. ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாடும் அதே திசையில்தான் போகிறது. "வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். முதலீடாகச் சூப்பர் கார் வாங்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

விலை நிற்கிற வண்டிகளும் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் செய்தவை, டர்போ இல்லாத எஞ்சின் உள்ளவை, கையால் கியர் மாற்றுகிறவை ஆகிய மூன்றும் உலகம் முழுக்க மதிப்பைத் தக்கவைக்கின்றன. ஃபெராரி எஃப்430இல் எஃப்1 தானியங்கி கியர் உள்ள வண்டியைவிட மேனுவல் வண்டிக்கு வெளிநாட்டுச் சந்தையில் கிராக்கி மிக அதிகம். ஃபெராரி 458 ஸ்பெஷியாலே, போர்ஷே ஜிடி3 வரிசை ஆகியவையும் விலை நிற்கிறவைதான். முதல் தலைமுறை மெக்லாரன் 12சி, மசராட்டி கிரான்டூரிஸ்மோ போன்றவை வேகமாக விலை இழந்தவை. ஹைபிரிட் சூப்பர் கார்களுக்கு பேட்டரி பற்றிய பயம் சந்தையில் இன்னும் போகவில்லை. நம் ஊருக்கென்று ஒரு அம்சத்தையும் சொல்ல வேண்டும்: முன்மூக்கைத் தூக்கித் தரும் லிஃப்டர். நம் ஸ்பீடு பிரேக்கர்களைத் தாண்ட அது இல்லாத வண்டி, விற்கும்போது பேரத்தில் அடி வாங்கும்.

இனி எஞ்சின், கியர்பாக்ஸ். ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது. பொதுவான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்த்தால் இது பிடிபடாது.

ஃபெராரி எஃப்355இல், எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 360 மொடேனாவில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து மாற்றலாம். எஃப்430இல் பெல்ட்டே கிடையாது, செயின்தான். பெல்ட்டுக்கு ஆயுள் கிலோமீட்டரில் மட்டுமல்ல, ஆண்டிலும் உண்டு. "9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, பெல்ட் புதுசு மாதிரி இருக்கு" என்று விற்கிறவர் சொன்னால் கடைசியாக மாற்றிய பில்லைக் கேளுங்கள். எஃப்430இல் பெல்ட் கவலை இல்லையே தவிர எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) வெடிப்பு அடிக்கடி வருவது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டிக் டிக் என்று சத்தம் வருகிறதா எனக் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கல்லார்டோவின் ஈ-கியர், முதல் தலைமுறை ஆடி ஆர்8இன் ஆர்-டிரானிக், எஃப்430இன் எஃப்1 மூன்றும் ஒற்றைக் கிளட்ச்சைக் கம்ப்யூட்டர் இயக்கும் முறை. நகர நெரிசலில் ஊர்ந்தாலும், அடுக்குமாடி பேஸ்மென்டின் சரிவில் ரிவர்ஸ் எடுத்தாலும் கிளட்ச் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கம்பெனியின் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி எடுத்துவிடலாம். அந்த ரிப்போர்ட் இல்லாமல் இந்த வண்டிகளுக்கு விலை பேசவே கூடாது. ஆர்8இல் மேக்னடிக் டேம்பர் (காந்தத்தால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்) இருந்தால் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். நான்கையும் மாற்ற நேர்ந்தால் செலவு லட்சங்களில் போகும்.

போர்ஷே 911இன் 996 தலைமுறை, முதல்கட்ட 997 தலைமுறை வண்டிகளை வாங்குகிறவர்கள், உடைந்தால் எஞ்சினையே கெடுத்துவிடும் ஐஎம்எஸ் பேரிங் பற்றிப் படித்துவிட்டு வருகிறார்கள். நல்லது. ஆனால் அதே காலத்து டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது வேறு எஞ்சின், அதில் இந்தச் சிக்கல் இல்லை. சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது இன்னொரு பிரச்சினை. கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். மேனுவல் போர்ஷேயில், எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் எத்தனை முறை சுழலவிட்டார்கள் என்ற கணக்கு ஈசியுவில் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில்) பதிவாகியிருக்கும். அதையும் பிரின்ட் எடுத்து வாங்குங்கள்.

தயாரிப்பாளரே திரும்ப அழைத்த வண்டிகளும் சந்தையில் உண்டு. 2010இல் ஃபெராரி, 458 இத்தாலியாவில் 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சக்கர வளைவில் பயன்படுத்திய பசை சூட்டில் தீப்பிடித்ததுதான் காரணம். 2014இல் போர்ஷே 991 ஜிடி3 வண்டிகள் 785க்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. இதனால் இந்த மாடல்களை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் சேசிஸ் நம்பருக்கு அந்த வேலை முடிந்ததா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கினால் போதும்.

கிலோமீட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். மீட்டரைக் குறைக்கிறவர்கள் டாஷ்போர்டு எண்ணை மாற்றுவார்கள், பல வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணி நேரம் ஈசியுவில் அப்படியே கிடக்கும். 8,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் 1,000 மணி நேரம் பதிவாகியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் என்றாகிறது. எந்த ஊர் நெரிசலிலும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆயுள் முழுக்க அப்படி ஓடியிருக்காது.

உண்மையிலேயே குறைவாக ஓடிய வண்டி என்றாலும் கவனம் தேவை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காயும், பேட்டரி சாகும், எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்குக்குள் ஈரத்தை இழுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இறுகிப்போன அந்த டயரில் 500 குதிரைத்திறனை அவிழ்த்துவிடுவது உயிருக்கு ஆபத்து. மாதம் இரண்டு முறையாவது ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய 25,000 கிலோமீட்டர் வண்டியை, மூடிவைத்த 5,000 கிலோமீட்டர் வண்டிக்கு மேலாகவே நான் மதிப்பேன்.

விபத்தும் வெள்ளமும் அடுத்தது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம். அதைவிட ரொம்பக் கூடினால், அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம். இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் மலிவான பெயிண்ட் மீட்டர் அலுமினிய பாடியில் எதையும் காட்டாது, கார்பன் ஃபைபரில் சாதாரண மீட்டர்கள் எல்லாமே தோற்கும். அங்கே கண்ணும் அனுபவமும்தான். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீடு பிரேக்கரில் உரசிய தடம் இருப்பது சகஜம், மெக்லாரனில் காரின் எலும்புக்கூடான கார்பன் டப் வரை அடி போயிருந்தால் அது வேறு கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை பேஸ்மென்ட்களில் மூழ்கிய வண்டிகளில் எத்தனையோ கைமாறிப் போயின. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். சீட் போல்ட்டின் துருவும், வயர் கனெக்டரின் பச்சைப் படிவும் அதையே சொல்லும்.

இப்போது காகிதங்கள். நம் நாட்டில் மறுவிற்பனை மதிப்பை எஞ்சினைவிட அதிகமாக முடிவு செய்வது இதுதான்.

டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொன்னது. இந்த நிலையின்மையால் வயதான டெல்லி வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. மலிவு என்பது பாதிக் கணக்குதான். அங்கே ஆட்சேபனை இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற லைஃப் டாக்ஸ் கட்டி முடித்தபின் வருவதே உண்மை விலை. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் மகாராஷ்டிர எண்ணோடு ஓடிய ஒரு ஃபெராரி எஸ்எஃப்90க்குக் கர்நாடகப் போக்குவரத்துத் துறை சுமார் 1.42 கோடி ரூபாய் வரி வசூலித்தது. வரியை மிச்சப்படுத்தப் புதுச்சேரி முகவரியில் பதிவான வண்டியை வாங்குகிறவர்கள் அந்த முகவரி உண்மையா என்று கேட்காமல் நகர வேண்டாம்.

இறக்குமதி வழி இன்னும் ஆபத்தானது. வெளிநாட்டில் ஓடிய காரைக் கொண்டுவர விதிகள் இறுக்கமானவை: மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய 'நும்கோர்' சோதனையில், பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சொல்லப்பட்ட சொகுசு வண்டிகள் பறிமுதலாயின. அப்படிப்பட்ட வண்டியை நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறை இறக்குமதி ஆவணம்) நகல், தயாரிப்பு ஆண்டு, இந்தியாவில் முதல் பதிவுத் தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதிகள் இடித்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆர்சியில் ஹைபோதிகேஷன் (கடனுக்கான அடமானப் பதிவு) இருந்தால் பேங்கின் என்ஓசியும், அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். கம்பெனி பெயரில் உள்ள வண்டி என்றால், விற்கக் கையெழுத்திடுகிறவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதற்குத் தீர்மான நகல் வேண்டும்.

ஜவுளித் தொழிலில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்காக இரண்டு ஆர்8 வி10 பார்த்தோம். ஒன்று டெல்லி வண்டி, மீட்டரும் குறைவு, பெயிண்டுக்கு மேல் புது ரேப் (நிற ஃபிலிம்) ஒட்டி மின்னியது. இன்னொன்று பெங்களூரு வண்டி, இரண்டு மடங்கு ஓடியது, விலையும் 14 லட்சம் கூடுதல். அவருக்கு டெல்லி வண்டிமேல் கண். முன் டேம்பர் இரண்டும் கசிந்தன, டயர் எட்டு வயது, பேங்க் கடன் முடியவில்லை. கூட்டிப் பார்த்தபோது 14 லட்ச வித்தியாசம் காணாமல் போனது. பெங்களூரு வண்டியோடு, முதல் நாளிலிருந்து எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு தடிமனான ஃபைலில் வந்தது. அதையே எடுத்தார். பிற்பாடு அவர் விற்றபோது, வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்ததைவிட அந்த ஃபைலைப் புரட்டியதுதான் அதிக நேரம். பேரமும் பெரிதாக நடக்கவில்லை.

பணத்தைப் பிரிக்கும் விதமும் முக்கியம். கையில் ஒரு கோடி இருந்தால் ஒரு கோடிக்கு வண்டி பார்க்காதீர்கள். பதிவு, வரி, இன்சூரன்ஸ், முதல் பெரிய சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்குவது என் வழக்கம். செராமிக் பிரேக் உள்ள வண்டியில் டிஸ்க்கின் விளிம்பு உடைந்திருந்தால் இன்னும் கூட்ட வேண்டும். சாதாரண டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது தட்டி உடைப்பது அடிக்கடி நடக்கிறது.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது, "அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் பரிசோதனை முடிந்து, ரிப்போர்ட் திருப்தியாக இல்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பரிசோதனைச் செலவையும், பட்டறைக்குப் போய்வர, வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியின் வாடகையையும் நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லியும் வண்டியை அனுப்ப மறுக்கிறவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம், அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.