கரையைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? படகில் ஏறும் முன் இதைப் படியுங்கள்

கப்பல் தட்டி எண்ணெய் கசிந்துவிட்டது, ஆள் நடமாட்டமே இல்லாத கரை, சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள். அங்கே முதலில் பேசப்படுவது கூலிதான். கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் யார் காசு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பதில் 1981-லேயே எழுதப்பட்டிருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆவது உடன்படிக்கை, 21-ஆவது பிரிவு: வேலையிடப் பாதுகாப்புக்கு ஆகும் செலவு எதையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. அதாவது பூட்ஸ், பாதுகாப்பு உடை, முகக்கவசம் எதற்கும் கூலியில் பிடித்தம் கூடாது. எண்ணெய் பட்ட பாறையில் கையுறை மத்தியானத்துக்குள் கிழிந்துவிடும். மாற்றுக் கையுறையும் இதில் சேர்ந்ததுதான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் உண்டு. ஆனால் பாதுகாப்பான வேலையிடம் என்பதை 2022 ஜூனில் அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்துவிட்டது. அதனால் அந்தக் கொள்கையை மதிக்கும் கடமை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் இருக்கிறது. புகாரை எங்கே கொடுப்பது, அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

அடுத்தது, அதே உடன்படிக்கை சொல்லும் வேலையை நிறுத்தும் உரிமை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து நெருங்கிவிட்டது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அங்கிருந்து விலகலாம், அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் சரிசெய்யும்வரை, ஆபத்து நீடிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்ல முடியாது.

ஆபத்து என்றால் அலையும் வழுக்குப் பாறையும் மட்டுமல்ல. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையைச் சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கானோர் போனார்கள். சூடான நீரை வேகமாகப் பாய்ச்சிப் பாறைகளைக் கழுவியபோது எண்ணெய் கலந்த பனிமூட்டம் போன்ற சாரல் கிளம்பியது. பலருக்கு மூச்சுத் தொல்லை வந்தது. 2002-இல் ஸ்பெயின் கரையோரம் பிரெஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோது சுத்தம் செய்யப் போன மீனவர்களுக்கு ஓரிரு வருடம் கழித்தும் மூச்சிளைப்பும் இருமலும் அதிகம் இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. ஆகவே சாரல் முகத்தில் அடிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் உடனே தள்ளி வந்து சொல்லுங்கள்.

ஒதுக்குப்புறமான கரையில் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அவசரத்துக்கும் முதலுதவிக்கும் ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை, அதே உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு. ஒருவர் மயங்கி விழுந்தால் எந்தப் படகு வரும், எவ்வளவு நேரமாகும், கடல் கொந்தளித்தால் என்ன வழி? பதிலைக் கரையில் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை, ஏறும் முன்பே கேளுங்கள். வேலைக்கேற்ற பயிற்சியும் உங்களுக்குத் தர வேண்டியதே.

அப்புறம், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். நோய் தாமதமாகத் தலைகாட்டினால், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கே ஆதாரம் கேட்பார்கள். தேதி, எந்தக் கரை, எத்தனை மணி நேரம், எதைத் தொட்டீர்கள், அன்று உடம்புக்கு என்ன செய்தது, உடன் நின்றவர் யார் என்று தினமும் நாலு வரி எழுதி, நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.