ஆள் குறைந்த ஊருக்கு அரசு நிதி: எதை எண்ணிப் பணம் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரிப் பகுதியில், நூறு வீட்டில் முப்பதில் மட்டும் அடுப்பு எரிகிற குக்கிராமங்கள் உண்டு. மற்ற வீடுகளின் சாவி சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சிறுபாலமோ தண்ணீர்த் தொட்டியோ கேட்டு எழுதும் மனுக்களில் "எங்கள் ஊரைக் கவனிப்பார் இல்லை" என்ற வரி தவறாமல் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த வரியை வைத்து எவரும் எஸ்டிமேட் போட முடியாது. ஒவ்வொரு நிதித் தலைப்பும் எதையாவது எண்ணித்தான் பணம் தருகிறது. சிலது தலையை எண்ணும், சிலது குக்கிராமத்தை, சிலது ஊராட்சியை. எதை எண்ணுகிறது என்று தெரியாமல் கேட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

தலையை எண்ணுவதில் முதன்மையானது மத்திய நிதிக்குழு மானியம். 15வது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில், உள்ளாட்சிகளுக்குள் பிரித்துக்கொள்ள மக்கள்தொகைக்கு 90, பரப்புக்கு 10 என்ற எடை வைக்கப்பட்டது. அல்லது மாநில நிதிக்குழுவின் ஏற்கப்பட்ட பரிந்துரைப்படி பிரிக்கலாம். அந்தக் காலத்தில் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் சரிபாதியாகக் கட்டுண்ட நிதியாக இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊருக்குத் தேவையான பிற பணிகளுக்குச் செலவிடலாம், சம்பளத்துக்குக் கூடாது என்பது விதி. ஆகவே தொட்டி கேட்பவர் முதல் பங்கிலும், சிறுபாலம் கேட்பவர் இரண்டாவதிலும் கேட்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் இந்த மானியம் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சாலைக்கான பிரதமர் கிராமச் சாலைத் திட்டமும் தலையைத்தான் எண்ணுகிறது. அதன் நான்காம் கட்டத்தில், சமவெளியில் 2011 கணக்கெடுப்புப்படி 500 பேர் இருக்கும் குடியிருப்புக்குத்தான் தகுதி. 180 பேர் உள்ள ஊர் அந்த வரியைப் படித்ததும் கைவிட்டுவிடுகிறது. அவசரப்படக் கூடாது. 500 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து ஒன்றாக எண்ண இந்தத் திட்டத்தின் விதிகளில் இடம் உண்டு. பக்கத்துக் காலனியும் தோப்பு வீடுகளும் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் எண்ணிக்கை எட்டக்கூடும். வரைபடத்தில் தூரத்தை அளந்து மனுவோடு இணைக்க வேண்டியது நம் வேலை.

மாநிலத் திட்டங்களின் போக்கு வேறு. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சி பெரிதோ சிறிதோ 20 லட்சம் ரூபாய் என்று கொடுத்தது. 2011இல் வந்த தாய் திட்டம் குக்கிராமத்தை அலகாக எடுத்தது. இந்த இரண்டு முறைகளும் ஆள் குறைந்த ஊருக்கு நியாயமானவை. பத்து வீடு பூட்டினாலும் குக்கிராமம் குக்கிராமம்தான், பாதையின் நீளமும் குறைவதில்லை. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி எதையும் எண்ணுவதில்லை, அவருடைய பரிந்துரைதான் அளவு. ஜப்பானில் மக்கள் வெளியேறிய ஊர்களுக்கென்றே 1970 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த நகராட்சிகள் கட்டுமானத்துக்கு வாங்கும் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் 70 சதவீதத்தை மத்திய அரசு தன் பகிர்வு நிதி வழியாக ஏற்கிறது. நமக்கும் அப்படி ஒரு தலைப்பு வேண்டும். வரும்வரை இருப்பதில் பொருந்துவதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011இல் 900 பேராக இருந்த ஊராட்சி புதிய கணக்கில் 400 ஆக நின்றால், தலையை எண்ணி வரும் பணம் அதற்கேற்பச் சுருங்கும். இன்று கட்டுவதை அந்தச் சுருங்கிய பணத்தில்தான் பராமரிக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் ஊராட்சிப் பணி எதுவும் நகராது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கூட்டம். 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர் வருகை வேண்டும். ஏட்டில் 900, ஊரில் 400 என்றால் அந்த நூறு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. குக்கிராமத்தார் வண்டி வைத்தாவது போக வேண்டும். தீர்மானத்தில் "சாலை வசதி செய்து தர" என்று எழுதினால் பயனில்லை. குக்கிராமத்தின் பெயர், புல எண், எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், என்ன பணி, எந்த நிதித் தலைப்பு என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மான எண்ணோடு நகல் வாங்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போங்கள். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் இருப்பார்கள். நமக்கு உரியவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். பிறகு ஓவர்சியரின் இடப் பார்வை, எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவுப் பதிவு என்று வரிசையாகப் போகும்.

இந்த வரிசையில் ஆள் குறைந்த ஊர் மாட்டிக்கொள்ளும் இடம் நிலம். புறம்போக்கு இருந்தால் நல்லது. பட்டா நிலத்தை ஊருக்காக விடுகிறேன் என்று உரிமையாளர் தொலைபேசியில் சொல்வதை நம்பிக் கடைக்கால் தோண்டக் கூடாது. இப்படிப்பட்ட ஊர்களில் பெரும்பாலான நிலம் கூட்டுப் பட்டா. ஐந்து பங்காளிகளில் ஒருவர் துபாயில், ஒருவர் இறந்து வாரிசு பெயர் மாறாமல் இருக்கும். சுவர் எழும்பிய பிறகு ஒரு வாரிசு வந்து நிறுத்தினால் பணி முடங்கும், ஒதுக்கிய ஆண்டு முடிந்தால் பணமும் போகும். விஏஓவிடம் அ-பதிவேடு, சிட்டா, புலப்பட நகல் மூன்றையும் முதலில் வாங்குங்கள். பட்டாதாரர் அனைவரும் கையொப்பமிட்ட தானப் பத்திரத்தை ஊராட்சிக்குப் பதிவு செய்த பிறகே எஸ்டிமேட்டுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது அளவு. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. வழக்கமான 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியின் வரைபடம் கைவசம் இருக்கிறது, தொகையும் கண்ணுக்குத் தெரிகிறது என்று எல்லா ஊருக்கும் அதையே போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஊரில் தங்கியிருப்பவர் 70 பேர், தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 3,850. மாடு 20, ஒவ்வொன்றுக்கும் 50 லிட்டராக 1,000. ஆடு 100, ஐந்தைந்தாக 500. மொத்தம் 5,350 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் ஐந்தரை நாள் நிற்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் குளோரின் அதுவரை தாங்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், மிஞ்சாது. கால்வாசி மட்டும் நிரப்பலாமே என்றால், தினமும் நின்று பார்க்க ஆபரேட்டர் வேண்டும். மூன்று ஊருக்கு ஒருவர்தான் இருப்பார்.

இந்த ஊருக்கு 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு போதும். ஒரே பெரிய தொட்டி வேண்டாம். நடுவில் வால்வு வைத்து இணைத்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் ஓடும். இரண்டும் நிரம்பினால் பத்து டன் எடை என்பதை மறக்கக் கூடாது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கோடையில் வெடித்து மழையில் உப்பும். கடைக்கால் அரை மீட்டரோடு நின்றால் பீடம் ஒரு பக்கம் சாயும். வெடிப்பு எட்டாத ஆழத்துக்குத் தோண்டி அடியில் மணல் நிரப்ப எஸ்டிமேட்டிலேயே இடம் வேண்டும். பீடத்தின் மேற்பரப்பு தட்டையாக, தொட்டியின் அடி முழுவதையும் தாங்க வேண்டும். விளிம்பு வெளியே நீண்டாலும் நடுவில் பள்ளம் இருந்தாலும் அடி கீறும். கழிவு வால்வு தொட்டியின் அடிமட்டத்தில் இருக்கட்டும். நாலு அங்குலம் மேலே வைத்தால் வண்டல் வெளியேறாது.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மின்பாதையின் கடைசியில் இருப்பதால் மின்னழுத்தம் குறையும். குறையழுத்தத்திலும் தண்ணீர் வற்றும்போதும் தானாக நிறுத்தும் கருவியைப் பேனலில் சேர்க்காவிட்டால் முதல் கோடையிலேயே மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். ஆர்ஓ இயந்திரத்தைச் சிறிய ஊருக்குக் கேட்காமல் இருப்பதே நல்லது. சில நாள் ஓடாமல் நின்றாலே சவ்வு கெடும்.

மாசிக் களரிக்கு, அதாவது மாசி மாதக் குலதெய்வத் திருவிழாவுக்கு, ஊர் முழுக்க வந்துவிடுகிறதே, அப்போது தண்ணீர் போதாதே என்று கேட்பார்கள். அந்த மூன்று நாளுக்கு லாரித் தண்ணீர் வாங்குவது, ஆண்டு முழுதும் பெரிய தொட்டியைச் சுமப்பதைவிட மலிவு. வெளியூரில் இருப்பவர்களின் பணத்தை நமக்கு நாமே திட்டத்தில் கொண்டுவரலாம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. வசூலுக்குமுன் தோராய எஸ்டிமேட்டை வாங்குங்கள். 6 லட்சம் என்று நினைத்து 2 லட்சம் திரட்டிய பிறகு எஸ்டிமேட் 7.2 லட்சம் என்று வந்தால் 40,000 ரூபாய்க்கு மறுபடி எல்லோரையும் கேட்க வேண்டியிருக்கும்.

நிதி வந்த பிறகும் ஒப்பந்தக்காரர் வராத ஊர்கள் இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் லீடு, அதாவது பொருளை ஏற்றிவரும் தூரம். குவாரியிலிருந்து உண்மையான தூரத்தைப் போடாமல் ஒன்றியத் தலைமையிடத்துக்கான தூரத்தைப் போட்டால் மூன்று லட்ச ரூபாய் வேலையில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. அருகருகே உள்ள நான்கு குக்கிராமங்களின் பணிகளை ஒரே தொகுப்பாக்கினால் ஆள் வருவார்கள். இதற்கு எதிர்த்திசையில், ஒப்பந்தப்புள்ளி வரம்பைத் தவிர்க்க ஒரு வேலையைத் துண்டு துண்டாக்குவது தணிக்கைத் தடையில்தான் முடியும். கான்கிரீட் போட்ட பின் குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து நாள் நனைக்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஊரில் அந்த லாரித் தண்ணீரையும் எஸ்டிமேட்டில் கேளுங்கள். இல்லையென்றால் நனைக்கவே மாட்டார்கள், தளம் மாவாக உதிரும்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 60 யூனிட். அது மின்கட்டணத்துக்கென்று இருக்கும் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போக வேண்டிய தொகை. புதிய மின் இணைப்பைக் கேட்கும்போதே அந்தக் கணக்கின் நிலுவையைச் செயலரிடம் விசாரியுங்கள்.

பணி முடிந்ததும் எம்-புக் பக்கத்தின் நகலையும் குழாய்ப் பாதை வரைபடத்தையும் வாங்கி வையுங்கள். வால்வுகள் புதைந்த இடம் பெரும்பாலும் ஆபரேட்டர் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவரும் ஒருநாள் ஊரைவிட்டுப் போகலாம். தொட்டிப் பீடத்தின் சுவரிலேயே ஒவ்வொரு வால்வும் எந்தத் திசையில் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று பெயின்டில் எழுதச் சொல்லுங்கள்.