பிளாஸ்டிக்கைக் கடிக்கும் பெயின்ட்

சென்ற சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சின்ன உழவு இயந்திரத்தின் முகம் உருகிப் போனது. கனடாவிலிருந்து வந்த சித்தப்பா என் மருமகனுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் மாதிரி அது. உண்மையான வண்டியின் 24இல் ஒரு பங்கு. துண்டுகளை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பெட்டியில் இருந்தது பழைய சாம்பல் நிற பெர்குசன். அவனுக்கோ எங்கள் வயல்களில் ஓடும் மாசி பெர்குசனைப் போலச் சிவப்பாக வேண்டும். இரும்புக் கேற்றுக்கு அடிக்கும் சிவப்பு ஸ்பிரே ஒன்றை வாங்கிவந்து நான்தான் அடித்தேன். ஐந்து நிமிடத்துக்குள் முன்மூடியின் காற்றுத் துளைக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவன் அழவில்லை; "ஏன் மாமா இப்படி ஆனது?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் பொலிஸ்தைரீனால் ஆனவை. (பிரிட்டனின் எயர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949இல் முதன்முதலாகச் செய்த மாதிரியும் இதே பெர்குசன்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அதற்குப் பயன்பட்டது செலுலோசு அசற்றேற்று.) பொருட்களைப் பொதி செய்யும் ரெஜிபோமும் பொலிஸ்தைரீனே, நுரைபோல உள்ளே காற்று நிரம்பியது, அவ்வளவுதான். ரெஜிபோம் துண்டொன்றைப் பெற்றோலில் போட்டால் அது சுருங்கிக் கரைந்து பிசினாகும். பொலிஸ்தைரீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சிக்குண்ட நூல்போலக் கிடப்பவை. அசற்றோன், தொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் அந்தச் சிக்குக்குள் புகுந்து இழைகளைத் தளர்த்திவிடும். கேற் பெயின்டில் பெரும்பாலும் இருப்பவை இவைதான். இரும்புக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக்குக்கு எல்லாமே ஆகும்.

ஆனாலும் கரைப்பானை முற்றாகப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. பொலிஸ்தைரீனின் மேற்பரப்பு வழவழப்பானது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்குத் தடவிய பொருளும் நம் விரல் எண்ணெயும் அதில் படிந்திருக்கும். அதில் தண்ணீர் விட்டால் பரவாமல் துளியாகத் திரளும். மெல்லிய அளவு கரைப்பான் பட்டால் மேற்பரப்பின் நுண்ணிய அடுக்கு ஒன்று மட்டும் இளகி, பெயின்டின் பிசின் அதனோடு பின்னிக்கொள்ளும். கரைப்பான் பறந்த பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். கடிக்க வேண்டும், தின்றுவிடக் கூடாது.

பிரைமர் என்ற முதல் பூச்சு இந்த அளவான கடிக்காகவே செய்யப்படுகிறது. கரைப்பான் கலவை அடக்கமானது. நுண்ணிய கனிமத் துகள்கள் கலந்திருப்பதால் காய்ந்த மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்போடு இருக்கும்; அடுத்த பூச்சு அதைப் பற்றிக்கொள்ளும். அரத்தாள் விட்ட கீறல்களையும் அது நிரப்பும். யப்பானின் மிஸ்டர் சர்ஃபேசர் என்ற பிரைமர் 500, 1000, 1200, 1500 என்ற இலக்கங்களில் வருகிறது. அரத்தாளைப் போலவே இலக்கம் கூடக் கூட நயமும் கூடும். 500 கீறலை மூடும், கூடவே நுட்பமான கோடுகளையும் மூடிவிடும். உருகிய முன்மூடியைத் தேய்த்துச் சீராக்கிய பின் நான் பயன்படுத்தியது 1000. பூச்சின் தடிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 0.05 மில்லிமீற்றர் பூச்சு, உண்மை வண்டியின் அளவில் 1.2 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சமம். ஒரே தடவையில் மூடிவிட நினைக்காமல் மூன்று நான்கு மெல்லிய தூவலாக அடிக்கச் சொல்வது இதனால்தான்.

சிவப்புக்கு ஒரு தனிக் கதை உண்டு. பல சிவப்பு நிறமிகள் ஒளியை முழுமையாக மறைப்பதில்லை. ஒளி பூச்சை ஊடுருவி, அடியில் பட்டு, திரும்பி வருகிறது. அடியில் சாம்பல் இருந்தால் சிவப்பு மங்கும். வெள்ளையோ இளஞ்சிவப்போ இருந்தால் துலங்கும். யப்பானிய மாதிரி நிறுவனமான டாமியாவின் பிரைமரில் இளஞ்சிவப்பும் கிடைக்கிறது; அது இதற்கென்றே செய்ததுபோல வேலை செய்தது.

டாமியா ஸ்பிரே டின்களில் எழுத்தைக் கவனியுங்கள். டி.எஸ். என்பது பொலிஸ்தைரீனுக்கு உரியது. பி.எஸ். என்பது தூரக் கட்டுப்பாட்டுக் கார்களின் ஒளிபுகும் பொலிகாபனேற்று உடல்களுக்கானது. மாதிரிப் பெட்டியில் பொலிஸ்தைரீனைக் குறிக்க அதே பி.எஸ். என்று அச்சிட்டிருக்கலாம், எழுத்துப் பொருந்துகிறது என்று வாங்கினால் மோசம் போவோம். எந்த டின்னாக இருந்தாலும், உறுப்புகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது. வெட்டியபின் எறியும் சட்டம்தானே.

அடுக்கு முறைக்கும் காரணம் உண்டு. லாக்கர் வகைப் பெயின்ட், கரைப்பான் பறப்பதால் மட்டுமே காய்கிறது. எனாமல் வகையோ அதன் பிறகும் நாட்கணக்கில் காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து இறுகுகிறது. பாதி இறுகிய எனாமலின் மேல் லாக்கரை அடித்தால் அதன் கடுமையான கரைப்பான் உள்ளே புகுந்து படலத்தைப் புடைக்கவைத்துச் சுருக்கிவிடும். லாக்கர் அடியிலும் எனாமல் மேலேயும் வந்தால் வம்பில்லை.

இனி வன்னியின் வானிலை. டின்னுக்குள் பெயின்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் சமையல் வாயுவின் உறவுகளான புரொப்பேனும் பியூட்டேனும், அழுத்தத்தால் திரவமாக. அடிக்கும்போது அது கொதித்து ஆவியாகி டின்னையே குளிரவைக்கும், மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதுபோல. பூச்சிலிருந்து பறக்கும் கரைப்பானும் பூச்சைக் குளிர்விக்கிறது. மாரியில், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில், காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். பூச்சு சில பாகை குளிர்ந்தாலே போதும், அதன்மேல் பனித்து வெண்புகார்போல மங்கிவிடும். காய்ந்த காற்று வீசும் சோளகக் காலத்தில் இதற்கு நேர்மாறு. நடுப்பகல் வெக்கையில் துளிகள் வழியிலேயே காய்ந்து, மாதிரியில் மணல்போல ஒட்டும். செம்மண் தூசியும் சேர்ந்துகொள்ளும். பனி விலகிய பிறகு, காற்று எழுவதற்கு முன்னுள்ள காலைநேரம்தான் எனக்குச் சரிவந்தது. டின்னுக்கும் மாதிரிக்கும் இடையே ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். திறந்த முற்றத்தில், காற்று முதுகில் படும்படி நின்று அடியுங்கள். அடுப்பெரியும் குசினிப் பக்கம் வேண்டவே வேண்டாம். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. டின்னை வெயிலில் விட்டுப் போகவும் கூடாது.

தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூக்கருகே பிடித்தால் தின்னர் மணக்கிறதா? அப்படியென்றால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மருமகன் தினமும் பாடசாலைக்குப் போகுமுன் மாதிரியை மணந்து பார்க்கிறான். இன்று நான்காம் நாள். சக்கரங்கள் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன.