மேலே ஏற்றி வைத்த மின்சாரம்

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் வெளுத்து வாங்கும். நண்பகலில் சோலாரும் சேர்ந்துகொண்டால் அவ்வளவையும் செலவழிக்கச் சில நேரம் ஆள் இருக்காது. சாயங்காலம் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும்போது வெயில் போயிருக்கும். உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் கிரிட்டின், அதாவது மின் கட்டமைப்பின், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். கம்பியில் மிச்சம் பிடிக்க முடியாது. அதனால் மிஞ்சும்போது சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். சும்மா வருகிற காற்று சும்மாவே போகும்.

இதற்கு ஒரு வழி, கோவை மாவட்டத்தில் வால்பாறைப் பக்கம் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது: கடம்பாறை நீரேற்று மின் நிலையம், 400 மெகாவாட். மேலே கடம்பாறை அணை, கீழே அப்பர் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டு டர்பைனைச் சுற்றுகிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் டேங்க்கை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள தண்ணீர் 367 மீட்டர் கீழே விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் சரியாக ஒரு யூனிட். கடம்பாறையின் உயர வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே 100 மெகாவாட் எந்திரம் ஒன்று முழுதாக ஓட, நொடிக்கு 30 டேங்க் தண்ணீர் இறங்க வேண்டும். இப்படி 4 எந்திரங்கள். மாடி டேங்க்கிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வரும் வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 10 மீட்டர் உயரத்தில் அந்த டேங்க்கின் மதிப்பு 0.03 யூனிட்டுக்கும் குறைவு.

ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே எந்திரம். ஒரு பக்கம் சுற்றினால் டர்பைன், எதிர்ப்பக்கம் சுற்றினால் பம்ப். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் தலைகீழாகச் சுற்றும் என்பது பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிக்குத் தெரிந்த சங்கதி. இங்கேயும் தத்துவம் அதேதான். ஆனால் இவ்வளவு பெரிய சக்கரத்தை நிறுத்தி, திருப்பி, வேகமேற்றிய பிறகுதான் கிரிட்டில் சேர்க்க முடியும்.

மின் நிலையம் பாறைக்குள் குடைந்த குகையில் இருக்கிறது. பம்ப் கீழ் அணையின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே வரும். அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அவை சட்டென்று சுருங்கி உடைந்து உடைந்து எஃகு இறக்கைகளையே அரித்துத் தின்றுவிடும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. இந்த வகை நிலையங்களில் ஒரு யூனிட்டைத் திரும்ப எடுக்க 1.3 யூனிட் போலச் செலவாகும். நிறுத்தி வைத்த காற்றாலையில் போவது முழு யூனிட் என்பதால், எனக்கு இது மலிவாகவே படுகிறது. முன்பெல்லாம் நீரேற்று நிலையங்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் தண்ணீர் ஏற்றும். அனல்மின் நிலையங்களைச் சட்டென்று குறைக்க முடியாமல் மிஞ்சுகிற மின்சாரம் அப்போதுதான் கிடைக்கும். சோலார் பெருகப் பெருக, அந்த வேலை நண்பகலுக்கு நகர்கிறது. நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் இடையே 500 மெகாவாட்டில் குந்தா நீரேற்றுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இதே வேலைக்காகத்தான்.