நிலைப்படுத்தலா, உறுதிப்படுத்தலா?

'கார்பீனை உறுதிப்படுத்தினார்கள்.' சென்னையில் நடக்கும் வேதியியல் கூட்டங்களில் தமிழில் பேசுகிறவர்கள் ஆங்கில 'stabilize' என்பதற்கு ஈடாக இதைச் சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். கேட்கிறவர் என்ன நினைப்பார்? இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் தீர்ந்தது என்றுதானே?

கார்பீன் என்பது ஒரு வகை மூலக்கூறு. லத்தீனில் கார்போ என்றால் கரி. அதோடு 'ஈன்' விகுதி சேர்ந்து கார்பீன். பெயர் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. வழக்கமாக நான்கு பிணைப்புகள் வைத்திருக்கும் கரிம அணு, இதில் இரண்டோடு நிற்கிறது. வெளிக்கூட்டில் எட்டுக்குப் பதில் ஆறே எலக்ட்ரான்கள். அதனால் பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு வினைபுரிந்து, கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். அதைப் போகாமல் இருக்கச் செய்வதுதான் இங்கே வேலை. நில், நிலை, நிலைப்படுத்தல். பள்ளிப் பாடநூலிலேயே 'நிலைப்புத்தன்மை' இருக்கிறது. பிறகு எதற்கு உறுதி?

'உறுதியான கட்டடம் என்கிறோமே' என்று வாதாடுவார்கள். சரி, அது உடையாத வலிமை. கார்பீன் அப்படி ஒன்றும் வலுத்துவிடவில்லை. சிதையாமல் நீடிக்கிறது, அவ்வளவுதான். வினையாக்கி 'உறுதிப்படுத்தினார்' என்றதும் அந்த வலிமைப் பொருளும் பின்னுக்குப் போய்விடுகிறது. கொரோனா காலத்தில் தினமும் 'தொற்று உறுதி' என்று படித்த ஊர் இது. சிலர் 'நிலைநிறுத்தல்' என்கிறார்கள். அது கொள்கையை நாட்டுவதற்கும் படையை நிறுத்துவதற்கும் உரியது. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது!

1991-இல் வேதியியலாளர் ஆர்டுவெங்கோவின் குழு கார்பீனைப் படிகமாகவே பிரித்தெடுத்தது. அருகிலுள்ள இரண்டு நைட்ரஜன்கள் எலக்ட்ரான் கொடுத்தன. அடமண்டைல் என்ற பருத்த தொகுதிகள் மற்ற மூலக்கூறுகளை நெருங்கவிடவில்லை. இதில் யார் எதை உறுதிசெய்தார்கள்?

உறுதி என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. வைட்டமின் பி1 உடலில் கார்பீன் போல வேலை செய்கிறது என்று வேதியியலாளர் பிரெஸ்லோ 1958-இல் கருதினார். நீரில் அது எப்படித் தாங்கும் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2025-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகக் குழு, நீரிலேயே மாதக்கணக்கில் தாங்கும் கார்பீனைக் காட்டியது. ஆக, அவர்கள் கார்பீனை நீரில் நிலைப்படுத்தினார்கள். பிரெஸ்லோவின் கருத்துக்கு உறுதி சேர்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு இந்த வாக்கியத்தை எழுதிக் காட்டட்டும், பார்க்கலாம்.