அல்தமீராவின் கதவு ஏன் மூடியிருக்கிறது?

ஸ்பெயின் போய் வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "குகை ஓவியத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். நகலைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்." பழைய சுவரோவியங்களைப் பாதுகாப்பதுதான் என் வேலை. அந்த அல்தமீரா குகையின் கதவை ஏன் மூடினார்கள் என்பதைப் பயணம் கிளம்பும் முன்பே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் குகைக்குப் பக்கத்து ஊர். ஸ்பெயினின் வடக்கே, மழையும் பசும்புல்லும் நிறைந்த கான்தாப்ரியா பகுதியில் இருக்கிறது சாந்தில்யானா தெல் மார். சாந்தாந்தேர் நகரிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சின்ன ஊர். புனித ஜூலியானாவின் எச்சங்களை வைத்திருந்த ஒரு மடத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. மடம் இருந்த இடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கல் தேவாலயம் இன்னும் உறுதியாக நிற்கிறது. அதன் உள்முற்றத்துத் தூண்களின் தலைப்பகுதிகளில் மனிதர்களும் விலங்குகளும் கொடிகளுமாக நுணுக்கமான சிற்பங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொரு தூணாகப் பாருங்கள். கல் பாவிய தெருக்கள், முகப்பில் குலச்சின்னம் செதுக்கிய மாளிகைகள், பூந்தொட்டி வைத்த மர பால்கனிகள் என்று மற்றதெல்லாம் தானாகவே கண்ணில் படும். கடைகளில் ஒரு தம்ளர் பாலோடு கேக் துண்டு தருவார்கள். மாடு மேய்க்கும் சீமை அது, பால் நன்றாகவே இருக்கும்.

குகை ஊரிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் குன்றில் இருக்கிறது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வாயிலில் பாறை சரிந்து அடைத்துக்கொண்டது. அந்தச் சரிவுதான் ஓவியங்களைக் காப்பாற்றியது. 1868-இல் மோதெஸ்தோ குபில்யாஸ் என்பவர் குகையைக் கண்டுபிடித்தார். 1879-இல் தொல்லியலில் ஆர்வம் கொண்ட மார்செலினோ சான்ஸ் தெ சாவுத்துவோலா குகைத் தரையைத் தோண்டிக் கொண்டிருந்தபோது, கூட வந்த அவருடைய சின்ன மகள் மரியாதான் கூரையில் இருந்த விலங்குகளைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஆண்டே அவர் அதை எழுதி வெளியிட்டார். கற்கால மனிதனுக்கு இப்படி வரையத் தெரியாது என்று அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். ஏதோ ஒரு ஓவியரை வைத்து வரையச் செய்தார் என்றுகூடப் பேசினார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான பிரெஞ்சு அறிஞர் எமில் கார்த்தயாக் 1902-இல் தன் தவற்றை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். சாவுத்துவோலா 1888-லேயே இறந்துபோயிருந்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனக்கும் கதை இது.

அந்தக் கூரையில் என்ன இருக்கிறது? காவியிலும் கரியிலும் வரைந்த பைசன்கள் (ஒருவகைக் காட்டெருது), குதிரைகள், இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு பெண் மான். பாறை இயற்கையாகப் புடைத்திருக்கும் இடத்தைத் தேடி, அந்தப் புடைப்பையே பைசனின் உடலாக்கியிருக்கிறார்கள். அதனால் விலங்கு தட்டையாகத் தெரிவதில்லை, உடம்போடு படுத்திருக்கிறது. நம் சித்தன்னவாசலில் ஓவியத்துக்கு அடியில் காரைப் பூச்சு உண்டு. இங்கே பூச்சே கிடையாது. நிறம் நேராக ஈரப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. சிக்கலின் வேர் இதுதான்.

1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் உள்ளே போய் வந்தார்கள். யாரும் கிறுக்கவில்லை, சுரண்டவில்லை. மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான். நாம் வெளியேவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைப் போல் சுமார் நூறு மடங்கு. சும்மா நிற்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறது. குகைக்குள் குளிர் 14 டிகிரி அளவில் இருக்கும், காற்று எப்போதும் ஈரத்தால் நிறைந்திருக்கும். அதில் நம் மூச்சின் ஈரமும் சேர்ந்தால், குளிர்ந்த பாறையில் துளியாகப் படியும். அந்தத் துளியில் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் மெல்லிய அமிலம். அமிலம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், அதோடு காவியும் பிடிப்பை இழக்கும். வாயு குறையும்போது கரைந்த சுண்ணாம்பு வெண்படலமாக ஓவியத்தின் மேலேயே படியும். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் பாசி. செருப்பிலும் துணியிலும் ஒட்டிவரும் பூஞ்சை வித்துகள்.

மூடிய ஓவிய அறைகளில் வேலை செய்யும்போது இதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். பார்வையாளர் குழு நுழைந்த சில நிமிடங்களில் ஈரப்பதமானியின் எண் ஏறத் தொடங்கும். அவர்கள் போன பிறகு உடனே இறங்காது. இறங்குவதற்குள் அடுத்த குழு வந்துவிடும். "ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் சார்" என்று கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பாறைக்கு அது ஐந்து நிமிடம் இல்லை.

அதனால் 1977-இல் குகையை மூடினார்கள். 1982-இல் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் என்ற வரம்போடு திறந்து, 2002-இல் மறுபடி மூடினார்கள். 2014-இல் சோதனையாக வாரத்துக்கு ஐந்து பேரைக் குலுக்கலில் எடுத்து, பாதுகாப்பு உடை போட்டு, 37 நிமிடம் மட்டும் அனுமதித்தார்கள். இதைக் கெடுபிடி என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பாறையில் இருந்து போன காவியை எந்த வேதியியலாலும் திருப்பி வைக்க முடியாது.

நகல் விஷயத்துக்கு வருகிறேன். 2001-இல் குகைக்குப் பக்கத்திலேயே திறந்த அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பாறையின் ஒவ்வொரு புடைப்பையும் விரிசலையும் அளந்து செய்த கூரை. ஓவியங்களை மதில்தே முஸ்கிஸ், பெத்ரோ சவுரா இருவரும் அதே காவியாலும் கரியாலும், பழைய முறையிலேயே வரைந்தார்கள். சரிந்து விழுவதற்கு முன் வாயில் எப்படி இருந்தது, வெளிச்சம் எதுவரை வந்தது என்பதையும் அங்கே பார்க்கலாம். அசல் குகைக்குள் போனாலும் அதைப் பார்க்க முடியாது. கூரையை அண்ணாந்து பார்க்க நல்ல நேரம் ஒதுக்குங்கள். பலர் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அசலைத்தான் பார்க்க வேண்டும் என்று மனசு கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அதே கான்தாப்ரியாவில், புவெந்தே வியெஸ்கோ ஊரில் உள்ள எல் காஸ்தியோ குகைக்கு வழிகாட்டியோடு சிறு குழுக்களாக அனுமதி உண்டு. அங்கே சுவரில் சிவப்பு நிறத்தில் தீட்டிய ஒரு வட்டின் வயது குறைந்தது 40,800 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். உள்ளே சுவரில் கை வைக்காதீர்கள், சாயாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். அங்கும் வரம்பு உண்டு என்பதால் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். அல்தமீரா அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.